எதிரே வந்தவரின் பங்கு

நான் ஒரு மானைக் கொன்றேன். அதன் கறி வீட்டில் இருந்ததற்காக வேறொருவர் சிறைக்குப் போனார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில் இது நடந்தது. கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், குன்றாண்டார்கோவில் பக்கம் என் மனைவியின் ஊரில் வீடு கட்டிக் குடியேறியிருந்தேன். ஊருக்கு மேற்கே வனத்துறையின் தைல மரக் காடு. அதை ஒட்டி மனைவிக்கு வந்த கொஞ்சம் நிலத்தில் கடலை போட்டிருந்தோம். காட்டிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து கடலைச் செடியைக் கடித்துவிட்டுப் போகும். பயிரைக் காப்பாற்றத்தான் வேட்டைக்குப் போனேன் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். அது பொய். ஆசைதான் காரணம்.

முப்பது வருடங்களுக்கு மேல் பிறருக்குக் கற்றுக்கொடுத்தவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு தானும் எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரிப்பு வருகிறது. சிலர் ஆர்மோனியம் கற்கிறார்கள். சிலர் ஜோதிடம் பார்க்கிறார்கள். எனக்கு வாய்த்தது என் மனைவியின் தம்பி. அவன் வலை போட்டு, நாய் விட்டு வேட்டையாடுகிறவன். முயல் பிடிப்பான். எப்போதாவது மான். இதெல்லாம் சட்டப்படி குற்றம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஊரில் எல்லோரும் செய்கிறார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லோரும் செய்யவில்லை. அவனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும்தான் செய்தார்கள்.

"மச்சான், டெஸ்ட் டியூபத் தவிர வேற எதையாச்சும் நீங்க இறுக்கிப் புடிச்சிருக்கீங்களா?" என்று அவன் ஒருநாள் கேலியாகக் கேட்டான். அன்றைக்குத்தான் நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

முதல் நாள் விடியற்காலையில் குளித்து, பவுடர் போட்டு, துவைத்த சட்டையோடு போய் நின்றேன். கூட்டாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன மச்சான், மானுக்குப் பொண்ணு கேட்டா போறோம்? இந்த வாசத்துக்கு அது விராலிமலையைத் தாண்டி ஓடிரும். வீட்டுக்குப் போயி வேர்வைச் சட்டையப் போட்டுட்டு வாங்க."

அதிலிருந்து சோப்பு போடாமல் போகக் கற்றுக்கொண்டேன். சருகில் குதிகாலை வைக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். புழுக்கையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்து, மான் எப்போது போனது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். என் மைத்துனன் இடுப்பு மடிப்பில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வைத்திருப்பான். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே உதிர்ப்பான். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக நடப்போம். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் மாணவனைப் போல எல்லாவற்றையும் கேட்டேன், செய்து பார்த்தேன். கொல்வதைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. அது கடைசிப் பாடம் என்பதுபோல எங்கோ தள்ளி இருந்தது.

அந்த நாளும் வந்தது. கண்மாயில் தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு குட்டை அளவுக்கு நின்றது. மான்கள் விடியுமுன் வந்து குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும். திரும்பும் வழியில் மரங்களுக்கு இடையே நைலான் வலையைக் கட்டினோம். நான் வலைக்குப் பின்னால் புதருக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கண்மாய்ப் பக்கமிருந்து நாய்களோடு விரட்டி வருவார்கள். மான் வலையில் விழுந்ததும் அமுக்கிப் பிடிப்பது என் வேலை.

விழுந்தது. கொம்பில்லாத, நல்ல வளர்ந்த பெண்மான். நான் பாய்ந்து முழங்காலை அதன் விலாவில் ஊன்றினேன். அதன் நெஞ்சு அடிப்பது என் முழங்காலுக்குத் தெரிந்தது. அவ்வளவு வேகமாக ஓர் இதயம் அடிக்கும் என்று நான் நினைத்ததில்லை. மைத்துனன் மூச்சிரைக்க ஓடி வந்து அரிவாளை என் கையில் கொடுத்தான்.

"மொதத் தடவ. நீங்களே முடிங்க மச்சான்."

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சமாக இருந்தது. ஓர் உயிரைக் கூச்சத்துக்காக எடுத்தேன் என்று எழுதுவது எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அதன் மேல் கசங்கிய புல் வாசனை அடித்தது. அதன் பிறகு பல வாரங்கள் என் நிலத்தில் புல் அறுக்கும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அங்கேயே தோலை உரித்துக் குழியில் புதைத்துவிட்டு, கறியைப் பங்கு போட்டார்கள். வலைக்கு ஒரு பங்கு, நாய்களுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. புதிதாக வந்தவன் என்பதால் தொடைக்கறி எனக்கு. சாக்கில் கட்டிக்கொண்டு காட்டை விட்டு வெளியே வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. ஒற்றையடிப் பாதையில் எதிரே ஓர் அம்மா வந்தார். தைல மரச் சுள்ளி பொறுக்க வந்தவர். காட்டோரத்தில், மாதா கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருந்தவர். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன், வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தான். என் வீட்டுக்கும் அவர் விறகு போட்டதுண்டு என்பதால் எனக்குத் தெரியும்.

மைத்துனன் சாக்கை இறக்கினான். வேட்டை முடிந்து வரும் வழியில் யார் எதிரே வந்தாலும் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். கொடுக்காமல் போனால் அடுத்த வேட்டை கிடைக்காது என்பார்கள்.

"வேணாம்ப்பா," என்றார் அந்த அம்மா. "தவக்காலம். சாம்பல் புதன்லேர்ந்து நாங்க கறி எடுக்குறதில்ல."

"வாங்காமப் போகக் கூடாதுக்கா. வழக்கம்."

"ஒங்க வழக்கத்துக்கு நான் என்ன செய்ய? எங்க வீட்ல சட்டி ஏறாது. வேணாம்னா விடுங்களேன்."

அவர்கள் விட்டிருப்பார்கள். நான்தான் விடவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டவனுக்கு எல்லா விதிகளையும் சரியாகப் பின்பற்ற வேண்டும் என்று ஒரு வெறி இருக்கும். அதோடு, படித்தவன் எல்லாச் சிக்கலுக்கும் ஒரு வழி சொல்வான் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. "உப்புக்கண்டம் போட்டுக் காய வச்சிருங்கம்மா. ஈஸ்டர் வரைக்கும் கெடாது. அன்னைக்குச் சமைச்சா ஒங்க நோன்புக்கும் பங்கமில்ல, இவங்க வழக்கத்துக்கும் பங்கமில்ல," என்றேன். என் பங்கிலிருந்தே எடுத்துத் தேக்கிலையில் வைத்து நீட்டினேன்.

அவர் என்னையும் அந்த இலையையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்மவன் ஈஸ்டர் முடிஞ்சுதான் பிளேன் ஏறுறான். மான்கறி தின்னதே இல்லம்பான்," என்று பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாங்கி, சுள்ளிக்கட்டுக்குள் வைத்தார்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு மைத்துனன் சிரித்தான். "பெரிய ஆளு மச்சான் நீங்க. பங்கு வாங்குன வாயி வெளிய பேசாது. அதுக்குத்தான் இந்த வழக்கமே." அந்த வழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், நானும் சிரித்தேன்.

எங்கள் வீடுகளில் அன்று மத்தியானமே சமைத்துத் தின்று முடித்துவிட்டோம். எலும்புகூட மிஞ்சவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். காட்டுக்குள் நாங்கள் புதைத்த தோலை ஊர் நாய்கள் தோண்டி இழுத்துவந்து போட்டுவிட்டன. யாரோ தகவல் சொல்லி வனத்துறையினர் வந்தார்கள். காட்டோரத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்தேன். என் பேச்சையும் கண்ணாடியையும் பார்த்து "சார்" என்று கூப்பிட்டு, உள்ளே நுழையாமலே போய்விட்டார்கள். மாதா கோயில் தெருவில், அந்த அம்மாவின் மொட்டை மாடியில், கொசுவலைத் துணிக்கு அடியில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது என் யோசனை.

யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அதட்டியிருக்கிறார்கள். அப்போது மகன் முன்னால் வந்து, "நான்தான் கொண்டாந்தேன். எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் கேட்டுக்குப் பின்னால் நின்றேன். பின் இருக்கையில் அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்கு விமானம் என்பது எனக்குத் தெரியும். அவன் அம்மாதானே சொன்னார்.

மைத்துனனிடம் ஓடினேன். அவன் பதறவில்லை. "நம்ம சட்டியக் கழுவியாச்சு மச்சான். நமக்கு என்ன? சின்னப் பய, ஜாமீன்ல வந்துருவான். நீங்க சும்மா இருங்க."

சாயங்காலம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சார், ஒங்களுக்குப் பெரிய ஆளுங்களத் தெரியும். எம்புள்ளைய வெளிய கொண்டாந்துருங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஒங்க பேர நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பயப்படாதீங்க" என்றார்.

நான் பயந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை விட அவமானம் எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. ஆனாலும் "வக்கீல் ஏற்பாடு பண்றேம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். அப்படியே புதுக்கோட்டையில் என் பழைய மாணவர் ஒருவரை ஏற்பாடு செய்தேன். அதைப் பெரிய உதவி என்று என் மனசாட்சிக்குக் கணக்குக் காட்டினேன்.

அவன் ஜாமீனில் வர ஈஸ்டர் தாண்டிவிட்டது. பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லி நிபந்தனை. விமானம் போனது, விசாவும் காலாவதியானது. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. விராலிமலையில் ஒரு லோடு ஆட்டோ ஓட்டினான். ரோட்டில் பார்த்தால் "வணக்கம் சார்" என்பான். அவனுக்கு உண்மை தெரியும். அவன் அம்மா சொல்லாமலா இருப்பார்? தெரிந்துகொண்டே வணக்கம் சொன்னான். நான் தலையசைத்துவிட்டு வேகமாக நடப்பேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

ஒருநாள் காலை வக்கீல் போனில் கூப்பிட்டார். நல்ல சேதி சொல்கிற உற்சாகம் குரலில். "சார், பையனுக்குச் சொல்லிட்டேன். குத்தத்த ஒத்துக்கிட்டா சின்ன தண்டனையோட முடிச்சிரலாம். அவனும் சரின்னுட்டான். ஒங்களுக்கும் நிம்மதி."

நிம்மதி என்ற அந்தச் சொல் என்னை உட்காரவிடவில்லை. தண்டனை பெற்றவன் என்று ஒரு முறை பதிவாகிவிட்டால், அவன் வெளிநாடு போக போலீஸ் சான்றிதழ் கேட்கும் இடங்களிலெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். வாழ வேண்டிய வயதில் இருப்பவன் அதைச் சுமக்க, பென்ஷன் வாங்குகிற நான் மத்தியானத் தூக்கம் போடுவேன். மனைவியிடம் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். கறியைச் சமைத்தவள் அவள்தான், ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு முடித்ததும், "போங்க. ஆனா தம்பி பேரச் சொல்லிராதீங்க" என்றாள்.

வனச்சரக அலுவலகத்துக்குப் போய், மானைப் பிடித்தது, கொன்றது, கறியை அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லியும் வற்புறுத்திக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கூட யார் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அது சரியா தவறா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. என் மைத்துனன், நான் அவன் பெயரைச் சொன்னேனா இல்லையா என்று கேட்டுக்கூடப் பார்க்காமல், என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். என்னைக் கைது செய்து, ரிமாண்டில் வைத்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. பழைய சக ஆசிரியர்கள் சிலர் போன் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்த லேசான மனதோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த மகன் வந்தான். அன்றைக்கு வணக்கம் சொல்லவில்லை.

"எங்கம்மாவ வழக்குல சேத்துட்டாங்க. தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. என் வாக்குமூலத்தை வைத்து அந்த அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கறியை வாங்கியது மகன் அல்ல, அவர்தான் என்று நான்தானே எழுதிக் கொடுத்திருந்தேன்? மகனைக் காப்பாற்ற இதுதான் வாய்ப்பு என்று அவரும், "நான்தான் வாங்குனேன், என்ன கறின்னு தெரிஞ்சுதான் வாங்குனேன்" என்று சொல்லிவிட்டார். மகன் பெயரை எடுத்துவிட்டு, அம்மா பெயரைச் சேர்த்துவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்ததில் பிழை இல்லை.

"நான் உள்ள போனதே அவங்க போகக் கூடாதுன்னுதான் சார். ஒத்துக்கிட்டு முடிச்சிருந்தா அவங்க கோர்ட்டுப் படி ஏறியிருக்க வேணாம். ஒரு வார்த்த எங்ககிட்ட வந்து கேட்டீங்களா? அன்னைக்கி வாய மூடிக்கிட்டு எங்களக் கெடுத்தீங்க. இன்னைக்கி வாயத் தொறந்து கெடுத்துட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேணாம் சார்," என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். சில மாதங்களில் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. முன்பைவிடச் சின்ன வேலை, வேறு நாடு. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வழக்கில் நானும் அந்த அம்மாவும் அடுத்தடுத்துப் பெயர். தேதிக்குத் தேதி ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால். கடைசியில் இருவரும் குற்றத்தை ஒத்துக்கொண்டோம். எனக்குச் சில மாதச் சிறை. அவருக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும்.

எனக்கான காகிதங்கள் தயாராக மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை காவலர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பின் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாள் முழுதும் ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லை. புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வேறு யார் வழக்கோ போய்க்கொண்டிருந்தது.

"ஒங்க சுகர் மாத்திர உள்ள குடுப்பாங்களா சார்?"

"கொடுப்பாங்கம்மா."

"கேட்டு வாங்கிக்கங்க. கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துராதீங்க."

அப்போதுதான் கேட்டேன். இரண்டு வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "என்ன மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும் வந்தது.

அவர் மாஜிஸ்திரேட் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எங்கிட்டக் கேக்காதீங்க சார். நான் பெத்தவ, எனக்கு மட்டும்னா அன்னைக்கே விட்டிருப்பேன். அவன்ட்டக் கேளுங்க. அவன் சரின்னா எனக்கும் சரி."

வேன் வந்ததும் காவலர் என் தோளைத் தொட்டார். எழுந்தேன். அந்த அம்மாவும் எழுந்தார், பிறகு தான் எழுந்து போகக் கூடாது என்று நினைவு வந்ததுபோலச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, ஊரில் யாரை வழியனுப்பினாலும் சொல்வதுபோல, "போயிட்டு வாங்க சார்" என்றார்.

போய்விட்டு வந்துவிட்டேன். மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே வந்த வாரமே அந்த அம்மாவிடம் மகனின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். சாக்குப்போக்கு எதுவும் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி எழுதி, அவன் அம்மாவைக் கேட்காமல் நான் வாக்குமூலம் கொடுத்ததையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அன்றிரவே இரண்டு டிக்கும் நீலமாகின. பதில் இல்லை. இதுவரைக்கும் இல்லை.

திரும்ப எழுதித் தொந்தரவு செய்யவில்லை. ஒரு முறை அவர்களைக் கேட்காமல் என் மனச்சுமையை இறக்கி வைத்து, அதை அவர்கள் தலையில் ஏற்றியவன் நான். இனி அந்தப் பதில் வருவதும் வராததும் அவன் கையில்தான் இருக்க வேண்டும், அதற்காகக் காத்திருப்பது மட்டும்தான் என் வேலை என்று ஒவ்வொரு நாளும் போனை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.